கால் பயிரா, முழுப் பயிரா?

மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிறவனுக்கு வெங்காயப் பாத்தியில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். ஹாஸ்டலில் கேட்டே விட்டார்கள். "இன்னாடா, லேத்துல வெங்காயம் உரிக்கப் போறியா?" என்று ஒருவன் கேட்டான். அவனுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. ஒரு சோதனையை எப்படி அமைப்பது, எப்படி அளப்பது என்று நாம் லேபில் படிக்கிறோமே, அதே பாடம் இரண்டு சென்ட் கொல்லையிலும் உண்டு.

எங்கள் ஊர் கீழ்புத்துப்பட்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் இருக்கிறது. மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலுக்கு மொட்டை போட வந்தவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கும். கோயிலைச் சுற்றியுள்ள காட்டைத் தாண்டினால் மணல் கலந்த கொல்லை, சவுக்குத் தோப்பு, மல்லாட்டை. கிழக்கே கடல். வடக்கே போகப் போக மரக்காணத்து உப்பளங்கள். எங்கள் வீட்டில் மல்லாட்டைதான் முக்கியம். சின்ன வெங்காயம் என்பது கிணற்றோரம் வீட்டுத் தேவைக்கும், மிஞ்சினால் சந்தைக்கும் என்று அம்மா போடுவது.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது நினைவிருக்கும். புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை. எங்கள் கொல்லையில் பல நாள் தண்ணீர் நின்றது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்தபோது மரங்கள் போயின. இந்த முறை தண்ணீரால் போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு தை பிறந்ததும் அம்மா, "கிணத்தோரம் வெங்காயம் வைக்கலாம்" என்றார்கள். அப்போது கிளம்பிய ஒரு வாக்குவாதத்தில்தான் இந்தச் சோதனை பிறந்தது.

அம்மாவின் முறை இது: முளைத்த உடனே களைக்குப் போகக் கூடாது. "புல்லு கொஞ்சம் கைக்கு ஆவட்டும். ஒரே எடுப்பா எடுத்தா ஒரு கூலியோட போவும், ஆட்டுக்கும் ஆவும்." இதில் நியாயம் இல்லாமல் இல்லை. தை மாதம் முதல் உப்பளங்களில் வேலை தொடங்கிவிடும். களைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். இரண்டு முறை ஆள் தேடுவதை விட ஒரு முறை தேடுவது எளிது.

இதை மறுத்தவர் எங்கள் ஊரிலுள்ள இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கும் ஒரு பெரியவர். (அகதிகள் முகாம் என்று நாம் சொல்லி வந்ததை 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று அரசு பெயர் மாற்றியது.) யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம் வெங்காயத் தோட்டம் செய்தவர். 1990-இல் படகில் வந்தவருக்கு அதன் பிறகு சொந்தமாக ஒரு பாத்தி நிலமும் இல்லை. எங்கள் கொல்லை வழியாகப் போகும்போது நின்று பார்ப்பார். அவர் சொன்னது: "தம்பி, புல்லு வெங்காயத்தின்ர உயரம் வர முன்னம் எடுத்துப்போட வேணும். அதுக்குப் பிறகு நீர் எடுக்கிறது புல்லு இல்லை, வெங்காயம்."

இருவரும் அனுபவசாலிகள். யார் சொல்வது சரி? "களை பிடுங்காப் பயிர் கால் பயிர்" என்று பழமொழி இருக்கிறது. நன்றாகக் கவனித்தால் இது வெறும் புத்திமதி இல்லை, ஓர் அளவு. களை எடுக்காவிட்டால் நாலில் ஒரு பங்குதான் கிடைக்கும் என்கிறது. அளவு என்று வந்துவிட்டால் அளந்து பார்க்கலாம் அல்லவா?

வெங்காயம் ஏன் இவ்வளவு சாது?

சோதனைக்குப் போகும் முன் வெங்காயச் செடியை ஒரு முறை பாருங்கள். தட்டைப் பயறோ மல்லாட்டையோ ஒரு மாதத்தில் இலையை விரித்துத் தரையை மூடிவிடும். கீழே முளைக்கிற புல்லுக்கு வெயில் கிடைக்காது. வெங்காயத் தாளோ குழாய் மாதிரி நேரே நிற்கிறது. அறுவடை வரைக்கும் தரை திறந்தே கிடக்கும். புல்லுக்கு வெயிலும் உண்டு, நாம் பாய்ச்சும் தண்ணீரும் உண்டு, போடும் எருவும் உண்டு. விருந்தாளிக்கு இலை போட்டு வீட்டுக்காரர் பட்டினி கிடக்கிற கதைதான்.

வேரும் அப்படித்தான். வெங்காயத்துக்கு ஆணிவேர் கிடையாது. கிழங்கின் அடியிலிருந்து நூல் நூலாக இறங்கும் வேர்களில் பெரும்பகுதி மேல் ஒரு சாண் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். கிளை வேரும் குறைவு. அந்த ஒரு சாணுக்குள்தான் சாரணையும் கோரையும் அறுகும் போட்டிக்கு நிற்கின்றன.

நம் கடற்கரைக்கு இன்னொரு தொல்லை, உப்பு. உப்பளத்திலும் பாத்தி என்கிறோம், வெங்காயத்துக்கும் பாத்தி என்கிறோம். நடக்கிற வேலையும் ஒன்றே. தண்ணீரை விடுகிறோம், வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிட்டுப் போகிறது. உப்பளத்தில் அது வேண்டும், கொல்லையில் வேண்டாம், அவ்வளவுதான் வித்தியாசம். மண் சாற்றில் மின்சாரம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதை வைத்து உப்பை அளப்பார்கள். அளவு டெசிசீமன்ஸ். கடல் நீர் ஏறக்குறைய 50 காட்டும். அமெரிக்காவில் மாஸ், ஹாஃப்மன் என்ற இருவர் 1977-இல் பயிர்களின் உப்புத் தாங்கும் சக்தியைப் பட்டியலிட்டார்கள். அதில் வெங்காயத்தின் எல்லை 1.2. அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சலில் 16 சதம் குறையும். அதாவது மண் சாறு 3 காட்டினால் சுமார் 29 சதம் போயிற்று. அதே பட்டியலில் அறுகம்புல்லின் எல்லை என்ன தெரியுமா? 6.9! வெங்காயம் மூச்சு வாங்கும் இடத்தில் அறுகு ஜாலியாக இருக்கும். ஆகவே கடற்கரைக் கொல்லையில் களைக்கும் வெங்காயத்துக்கும் நடப்பது சமமான போட்டியே அல்ல. பெஞ்சல் மழையால் ஒரே ஒரு நன்மை, மேல் மண்ணின் உப்பைக் கரைத்துக் கீழே இறக்கிவிட்டது. ஆனால் எங்கிருந்தோ அடித்து வந்த களை விதைகளையும் கொட்டிவிட்டுப் போயிருந்தது.

பன்னிரண்டு பாத்தி, நாலு கொடி

இரண்டு சென்ட் இடத்தில், 2 மீட்டருக்கு 2 மீட்டராகப் பன்னிரண்டு பாத்தி பிரித்தேன். ஒவ்வொரு பாத்தியிலும் 45 செ.மீ. இடைவெளியில் நாலு பார். பாரின் இரு பக்கமும் 10 செ.மீ.க்கு ஒரு விதை வெங்காயம். ஒரு பாத்திக்கு 160 வெங்காயம். ஏக்கருக்கு 600 கிலோ விதை என்று வேளாண்மைத் துறையில் சொல்வதை நம் அளவுக்குச் சுருக்கினால் ஏழெட்டுக் கிலோ போதும்.

பாத்திகளுக்குக் கிழிந்த துணியில் கொடி கட்டினேன். வெள்ளைக் கொடி என்றால் களையே எடுப்பதில்லை. மஞ்சள், அம்மா முறை: 40-ஆம் நாள் ஒரே ஒரு களை. பச்சை, யாழ்ப்பாணத்துப் பெரியவர் சொன்னது: 20-ஆம் நாள் ஒரு களை. சிவப்பு என்றால் 20, 40 இரண்டு நாளும். பக்கத்து வீட்டு ஆயா வந்து பார்த்துவிட்டு, "இன்னாடா இது, கட்சி மாநாடா? எந்தக் கட்சின்னும் தெரியலியே!" என்றது.

ஒரு நிறத்துக்கு ஒரு பாத்தி போதாதா, ஏன் மூன்று? இங்கேதான் விஷயம் இருக்கிறது. எங்கள் கொல்லையில் கிணற்றோர மண் நல்ல மண். கிழக்கே ஓடைப் பக்கம் போகப் போக உப்பு பூக்கும். நான் வெள்ளைக் கொடியை ஓடையோரமும் சிவப்பைக் கிணற்றோரமும் வைத்தால், வித்தியாசம் களையால் வந்ததா மண்ணால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே நிலத்தை மூன்று பட்டையாகப் பிரித்தேன்: கிணற்றோரம், நடு, ஓடையோரம். ஒவ்வொரு பட்டையிலும் நாலு நிறமும் ஒரு முறை வரும். எந்தப் பாத்திக்கு எந்த நிறம் என்பதை நானும் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டு, தங்கையை எடுக்கச் சொன்னேன். நாமே தேர்ந்தெடுத்தால் நமக்குப் பிடித்த முறைக்கு நம்மை அறியாமலே நல்ல இடத்தைக் கொடுத்துவிடுவோம்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843 முதல் வயல் சோதனைகள் நடந்து வருகின்றன. வருஷக்கணக்காகச் சேர்ந்து கிடந்த கணக்குகளை ஆராய 1919-இல் ரொனால்டு ஃபிஷர் என்ற கணித நிபுணரை வேலைக்கு வைத்தார்கள். பட்டை பிரித்தல், திரும்பச் செய்தல், சீட்டுக் குலுக்கல் என்ற மூன்றையும் சேர்த்து ஒரு முறையாக்கியவர் அவர். 1935-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். இன்று மருந்துக் கம்பெனி புது மாத்திரையைச் சோதிப்பதும் இந்த வழியில்தான். நம் குவாலிட்டி கன்ட்ரோல் பாடத்தில் வரும் சோதனைகளுக்கும் மூலம் அந்த வயல்தான் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே ரோத்தம்ஸ்டெட்டில் 1882-இல் இன்னொரு வேடிக்கையும் செய்தார்கள். விளைந்து நின்ற கோதுமையில் அரை ஏக்கரை அறுக்காமல் வேலி கட்டி விட்டுவிட்டார்கள். உழவு இல்லை, களை இல்லை. உதிர்ந்த கோதுமை தானே முளைத்துக் களையோடு போராடட்டும் என்று பார்த்தார்கள். நாலே வருஷத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டையான சில கோதுமைச் செடிகளே மிஞ்சின. பிறகு அதுவும் இல்லை. இன்று அந்த இடம் காடு. கோதுமைக்கே அந்தக் கதி என்றால் வெங்காயம் எந்த மூலைக்கு?

களை எடுத்த கதை

நட்ட ஒரு வாரத்தில் வெங்காயம் பச்சை காட்டியது. அதற்கு முன்பே கோரை காட்டிவிட்டது. அடுத்தது சாரணை, பிறகு பருப்புக்கீரை, ஓரத்திலிருந்து அறுகு.

20-ஆம் நாளுக்காக ஒரு கருவி செய்தேன். ஒர்க்‌ஷாப்பில் தேய்ந்து கழித்த பவர் ஹாக்ஸா பிளேடு ஒன்றைக் கேட்டு வாங்கி, வைஸில் பிடித்து நாலு அங்குலத் துண்டாக உடைத்து, பல் இருந்த பக்கத்தைக் கிரைண்டரில் சீவி எடுத்தேன். இது ஹை ஸ்பீட் ஸ்டீல். கிரைண்டர் சூட்டில் எளிதில் பதம் போகாது. மணலிலும் சீக்கிரம் மழுங்காது. துளை போடுவதுதான் கஷ்டம். ஆனால் பிளேடு முனையில் ஏற்கெனவே ஒரு துளை இருக்கிறதே! அதில் ரிவெட் அடித்து ஒரு பட்டையோடு சேர்த்து, மரக்கைப்பிடி போட்டேன். களைக்கொத்து மாதிரி கொத்துவதில்லை. மண்ணுக்கு அரை அங்குலம் கீழே கத்தியைப் படுக்கையாக இழுத்துக்கொண்டு போவது. பொடிக் களை வேர் அறுந்து வெயிலில் காய்ந்துவிடும். ஆழமாகக் கொத்தினால் இரண்டு கெடுதல்: வெங்காயத்தின் வேர் மேலேயே இருப்பதால் அதுவும் அறும்; அடியில் தூங்கும் களை விதை மேலே வந்து வெளிச்சம் பார்த்து முளைக்கும்.

செடிக்குச் செடி நடுவில் எந்தக் கருவியும் போகாது. அங்கே கைதான். பெரியவர் ஒரு பாத்தியில் உட்கார்ந்து காட்டினார். இடது கை இரண்டு விரலால் வெங்காயத்தின் அடியை மண்ணோடு அமுக்கிக்கொண்டு, வலது கையால் புல்லைச் சாய்வாக இழுக்க வேண்டும். நேரே மேலே இழுத்தால் வெங்காயமும் அசையும். "வெங்காயத்துக்குத் தெரியாமல் எடுக்க வேணும், தம்பி." அவர் கை போன வேகத்தை என்னால் கண்ணால் கூடப் பின்தொடர முடியவில்லை. முப்பது வருஷத்துக்கும் மேலாகச் சொந்தப் பாத்தி இல்லாத கை என்று நம்ப முடியாது. யாழ்ப்பாணத்துச் செம்மண், அடியில் சுண்ணாம்புக் கல், அதில் வெட்டிய கிணறு, துலா மிதித்து இறைத்த தண்ணீர், வேதாளன் என்ற வெங்காய ரகம் என்று களை எடுத்துக்கொண்டே பேசினார். "அங்கை தண்ணி இனிப்பு. இங்கை உங்கட தண்ணி கொஞ்சம் கரிக்குது. அதாலைதான் புல்லுக்கு இடம் விடக் கூடாது எண்டு சொல்லுறன்" என்றார். மாஸ், ஹாஃப்மன் பட்டியலை அவர் பார்த்ததில்லை!

கோரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோரையை மேலே அறுத்தால் அது சாவதில்லை. மண்ணுக்குள் மணி கோத்த மாதிரி கிழங்குகள் ஒன்றோடொன்று தொடர்ந்திருக்கும். தலையை வெட்டினால் அடுத்த மணி முளைக்கும். கிழங்கோடு எடுக்கவே முயற்சி செய்யலாம். முழுதாக ஒழிப்பது ஒரு பருவத்தில் நடக்காது. களைக்கொல்லி அடித்தால் என்ன என்று நண்பர்கள் கேட்பார்கள். வெங்காயத்துக்குப் பெண்டிமெத்தலின் என்ற மருந்தை நட்ட மூன்று நாளுக்குள், களை முளைக்கும் முன், ஈர மண்ணில் தெளிக்கிறார்கள். விதையிலிருந்து முளைக்கும் புல்லையும் சாரணையையும் தடுக்கும். கிழங்கிலிருந்து வரும் கோரையை ஒன்றும் செய்யாது. எங்களைப் போல் மணல் மண்ணில் அளவு கூடினால் பயிரையே பாதிக்கும். பெரிய நிலக்காரருக்குக் கூலி மிச்சம். இரண்டு சென்ட்டுக்கு அது வேண்டாத வேலை என்பது என் கருத்து.

கடிகாரம் வைத்துப் பார்த்தேன். 20-ஆம் நாள் ஒரு பாத்திக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. 40-ஆம் நாள் மஞ்சள் கொடிப் பாத்தியில் முக்கால் மணி நேரம் போயும் முடியவில்லை. சாரணை கொடி போட்டுப் பாரையே மூடியிருந்தது. அறுகு வெங்காயத்தின் அடியில் கணு வைத்து வேர் விட்டிருந்தது. அதை இழுத்தால் வெங்காயமும் கூட வந்தது. அம்மாவே தன் கையால்தான் எடுத்தார்கள். அவர்கள் அனுபவத்துக்கே சில செடி பிடுங்கிக்கொண்டது. ஒரே எடுப்பில் கூலி மிச்சம் என்ற கணக்கு அங்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஆனால் ஒன்று: அன்று எங்கள் ஆடுகளுக்குத் தீபாவளி. சாரணை இளங்கொழுந்தை ஆயா கீரைக்கு ஆய்ந்துகொண்டு போனது. பச்சை, சிவப்புப் பாத்திகளில் எடுத்த பொடிக் களை ஆட்டின் ஒரு வாய்க்குக் காணாது. இந்த வரவைக் கணக்கில் சேர்க்காமல் அம்மா சொன்னது தப்பு என்று சொன்னால் அது அரைக் கணக்குதான்.

பிடுங்கி, காய வைத்து, எடை போட்டு

சின்ன வெங்காயம் அறுபத்தைந்து, எழுபது நாள் பயிர். தயாராகிவிட்டது என்று அதுவே சொல்லும். கழுத்து துவண்டு தாள் சாயும். பாதிக்கு மேல் சாய்ந்ததும் எடுக்கலாம். எல்லாம் சாய்ந்து காயும் வரை விட்டால் மண்ணில் ஈரம் பட்டுத் திரும்ப வேர் விடும். எடுப்பதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். ஈரத்தோடு எடுத்த வெங்காயம் தங்காது.

வெள்ளைக் கொடிப் பாத்திகளில் ஒரு விசித்திரம் பார்த்தேன். வெங்காயம் பலவீனமாக இருந்தாலும் தாள் மற்றவற்றை விட முன்னாலேயே சாய்ந்துவிட்டது. களை நிழலில் வளரும் வெங்காயத்துக்கு இது நடப்பதுதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பச்சை இலை வழியாக வடிந்து வரும் வெளிச்சத்தில் சிவப்புக் கதிர் குறைந்துவிடும். "சுற்றிலும் கூட்டம், இடம் இல்லை" என்று வெங்காயம் அதை எடுத்துக்கொள்கிறது. தாள் வளர்ப்பதை விட்டுவிட்டு, இருக்கிற சொத்தை அவசரமாகக் கிழங்கில் பூட்டிக்கொள்கிறது. சின்ன வயதில் குடும்பப் பாரம் ஏறின பிள்ளை மாதிரி. கிழங்கு உண்டாகும், ஆனால் சுண்டைக்காய் அளவில்.

பங்குனியில் அறுவடை. மணல் மண் என்பதால் தாளைக் கொத்தாகப் பிடித்து ஆட்டி இழுத்தாலே வந்துவிடும். ஓடையோரத்தில் மட்டும் மண் மேலே இறுகியிருந்ததால் களைக்கொத்தால் ஓரத்தில் நெம்பிக் கொடுத்தோம். ஒவ்வொரு பாத்தியிலும் நடு இரண்டு பாரை மட்டுமே எடைக்கு எடுத்தேன். ஓரச் செடிக்கு வரப்பு வெளிச்சமும் பக்கத்துப் பாத்தியின் தண்ணீரும் கூடுதலாகக் கிடைக்கும். அல்லது பக்கத்துப் பாத்தியின் களை எட்டிப் பார்க்கும். அதைச் சேர்த்தால் கணக்கு கலங்கிவிடும்.

பிடுங்கியவுடனும் எடை போடக் கூடாது. தாளிலும் கழுத்திலும் தண்ணீர் இருக்கும். ஒட்டிய மண்ணும் இருக்கும். ஒரு வரிசை வெங்காயத்தின் மேல் அடுத்த வரிசையின் தாள் வரும்படி ஓடு வேய்வது போல் பரப்பி நாலு நாள் விட்டோம். வெங்காயத்தில் நேர் வெயில் பட்டால் வெந்துவிடும். பிறகு கொட்டகை நிழலில் ஒரு வாரம். கழுத்து காய்ந்து சுருங்கி, தேய்த்தால் சரசர என்று தோல் பேச வேண்டும். அந்தச் சருகுத் தோல்தான் வெங்காயத்துக்குச் சீல். தாளை அறுப்பதானால் கழுத்தில் ஓர் அங்குலம் விட்டு அறுக்க வேண்டும். ஒட்ட அறுத்தால் அந்த வாய் வழியாக அழுகல் இறங்கும்.

பன்னிரண்டு பையையும் கடைத் தராசில் நிறுத்தோம். மூன்று பட்டையிலும் வரிசை மாறவே இல்லை: சிவப்பு முதல், பச்சை அடுத்து, மஞ்சள் மூன்றாவது, வெள்ளை கடைசி. இரண்டு களை எடுத்த சிவப்பை முழுப் பயிர் என்று வைத்துக்கொண்டால், 20-ஆம் நாள் மட்டும் எடுத்த பச்சை முக்கால் பயிருக்கு வந்தது. 40-ஆம் நாள் மட்டும் எடுத்த மஞ்சள் அரைப் பயிரைத் தொடவில்லை. பச்சைக்கும் மஞ்சளுக்கும் களை ஒன்றுதான்; மஞ்சளுக்கு உழைப்பும் அதிகம். வித்தியாசம் நாளில் மட்டும்! வெள்ளை, கிணற்றோரத்தில் கால் பயிருக்குப் பக்கத்தில் நின்றது. பழமொழி கட்டியவர் தராசு வைத்திருந்தாரோ என்னவோ. ஓடையோரத்தில் கால் பயிரும் தேறவில்லை. உப்பும் களையும் கூட்டுச் சேர்ந்தால் அப்படித்தான்.

இரண்டு சென்ட், ஒரு பருவம், அதுவும் புயலுக்குப் பிந்தைய பருவம். இதை வைத்து ஏக்கர் கணக்கு போட்டு யாரும் கடன் வாங்கிவிட வேண்டாம். ஆனால் மூன்று பட்டையிலும் ஒரே வரிசை வந்தது தற்செயல் என்று சொல்லவும் கஷ்டம். நாலு நிறத்தை 24 விதமாக வரிசைப்படுத்தலாம். மூன்று முறையும் ஒரே வரிசை தானாக விழ 576-இல் ஒரு வாய்ப்பு. (24-ஐ 24-ஆல் பெருக்கிப் பாருங்கள்.)

மிச்சத்தை எப்படி வைப்பது? பெரம்பலூர்ப் பக்கம் பட்டறை போடுவார்கள். கல்லோ மரமோ வைத்துத் தரையிலிருந்து உயர்த்தி, படலில் பக்கச் சுவர் கட்டி, மேலே ஓலை வேய்ந்த நீளக் கூண்டு. அகலம் குறைவாக இருப்பதால் காற்று குறுக்கே புகுந்து போகும். எங்களுக்கு இருந்தது அவ்வளவு இல்லை. பெரியவர் தாளை அறுக்க விடாமல், ஒரு கைப்பிடி அளவு சேர்த்து, தாளைத் தாளாலேயே முறுக்கிக் கட்டிப் பிடி போட்டார். அதைக் கொட்டகை மூங்கிலில் இருபுறமும் தொங்குமாறு போட்டோம். எல்லாப் பக்கமும் காற்று. ஒன்று அழுகினாலும் அந்தப் பிடியை மட்டும் கழற்றினால் போதும். கூலி வேண்டாம் என்றவர் நாலு பிடி மட்டும் வாங்கிக்கொண்டார். "இது சமைக்க இல்லை, பாக்க" என்றார்.

சிவப்புப் பாத்திகளிலிருந்து நடுத்தரமாகவும் தோல் கெட்டியாகவும் இருந்தவற்றை விதைக்கு ஒதுக்கினோம். எடுத்த உடனே நட்டால் சின்ன வெங்காயம் சரியாக முளைக்காது. இரண்டு மாதமாவது உறங்க வேண்டும்.

அம்மா முழுதாக ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். "இருவதாம் நாளு எடுக்கறது சரிதான். ஆனா ஆட்டுக்குப் புல்லு யாரு உங்க பாலிடெக்னிக்கா குடுக்கும்?" என்று கேட்டார்கள். அடுத்த நடவில் வெள்ளைக் கொடியை எடுத்துவிட்டு, அந்த மூன்று பாத்தியில் நட்டதும் சவுக்குச் சருகை இரண்டு விரல் கனத்துக்கு மூடிப் பார்க்கச் சொல்கிறார்கள். மூடின இடத்தில் சாரணை வராது, தண்ணீர் சீக்கிரம் காயாது, காயாவிட்டால் உப்பும் மேலே ஏறாது என்பது அவர்கள் வாதம். கோரை மட்டும் ஊசி மாதிரி குத்திக்கொண்டு வரும், அதைக் கையால் எடுத்துக்கொள்ளலாமாம். சருகு தோப்பில் சும்மா கிடக்கிறது. கொடிக்கு நீலத் துணி தேடிக்கொண்டிருக்கிறேன்.